பழைய ராணுவ உபரித் தோட்டாக்கள்: எதைச் சுடலாம், எதைப் பிரிக்கலாம், எதைத் தொடவே கூடாது?

எண்ணெய்த்துணி கேட்கிறார்:

வணக்கம் நண்பர்களே. பழைய ராணுவத் துப்பாக்கிகளான ஒரு நம்பர் 4 மார்க் 1 லீ-என்ஃபீல்டு, ஒரு மோசின் 91/30, இரண்டும் உரிமத்தோடு இருக்கின்றன. அவற்றோடு வந்த தோட்டாக்களைப் பற்றித்தான் கேள்வி.

லீ-என்ஃபீல்டுக்கான .303 எல்லாம் ஒரே பெட்டியில் கலந்து கிடக்கின்றன. அடிப்பக்க முத்திரைகளைப் பார்த்துப் பிரித்து வைத்தவை இவை:

கே, நடுவில் அம்புக்குறி, எஃப். 43, ரோமன் எழுத்தில் VII. ஐந்தைந்தாகச் சார்ஜரில் (தோட்டாக்களைக் கோத்துப் பிடிக்கும் தகட்டில்) உள்ளன. பிரைமரை, அதாவது அடியில் நடுவே துப்பாக்கி ஊசி அடிக்கும் சின்ன மூடியை, சுற்றி ஊதா வளையம். சுமார் 60.
பி ஓ எஃப், 1964, 7. சுமார் 70.
ஹெச் எக்ஸ் பி, 84. சுமார் 40.
VIII-க்குப் பக்கத்தில் இசட் எழுத்து. 20.
பிரைமரைச் சுற்றி நீல வளையம், முத்திரையில் பி எழுத்து. 6.

43-ஆம் ஆண்டுத் தோட்டாக்களில் நாலைந்தின் கழுத்தில் தலைமுடி மாதிரி ஒரு கோடு ஓடுகிறது. பி ஓ எஃப் சிலவற்றில் குண்டும் கூடும் சேரும் இடத்தில் பச்சைப் பூச்சு.

மோசினுக்கு 440 தோட்டா கொண்ட, இன்னும் திறக்காத தகர டின் ஒன்று இருக்கிறது. மேலே ரஷ்ய எழுத்தில் 7,62 எல் பி எஸ் கெ ஷே என்றும், கீழே லாட் (ஒரே தடவையில் தயாரித்த தொகுதி) எண், 74, 188 என்றும் அச்சிட்டிருக்கிறது.

எது சுடத் தகுந்தது? எண்பது வருடத் தோட்டாவை நம்பலாமா? சுட்டபின் குழலைத் துருப்பிடிக்க வைக்கும் "அரிக்கும் பிரைமர்" என்று சொல்கிறார்களே, முத்திரையைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியுமா?

---

அகல_அம்பு:

முதலில் அந்த நீல வளைய ஆறையும் தனியாக எடுத்து வையுங்கள். மற்ற பேச்சு பிறகு. பிரிட்டிஷ் முறையில் பிரைமரைச் சுற்றியுள்ள வளையத்தின் நிறம்தான் தோட்டாவின் சாதி: ஊதா என்றால் சாதாரணக் குண்டு, பச்சை கவசம் துளைப்பது, சிவப்பு டிரேசர் (போகும் பாதை ஒளிரும் குண்டு), நீலம் தீமூட்டி. முத்திரையிலும் அதற்கேற்ற எழுத்து இருக்கும். தீமூட்டிக்கு பி, டிரேசருக்கு ஜி, கவசம் துளைப்பதற்கு டபிள்யூ. உங்களிடம் இருப்பது தீமூட்டி. சுட வேண்டாம். பிரித்துப் பார்க்கவும் வேண்டாம், சுத்தியல் வகைக் குண்டு உருவியில் போட்டுத் தட்டவே கூடாது. பல நாடுகளில் அதை வைத்திருப்பதே குற்றம். காவல்துறைக்கோ ராணுவ வெடிபொருள் அகற்றும் பிரிவுக்கோ சொல்லி ஒப்படையுங்கள். தூக்கிக்கொண்டு நேரே போய் நிற்காதீர்கள், முதலில் தொலைபேசியில் கேளுங்கள்.

ஒரு எச்சரிக்கை: வளையச் சாயம் காலப்போக்கில் உதிரும், எண்ணெய் பட்டால் கருக்கும். நிறம் தெரியவில்லை என்பதால் சாதாரணக் குண்டு என்று முடிவு கட்டாதீர்கள். எழுத்தையும் சேர்த்துப் படியுங்கள். இரண்டும் புரியவில்லையா, அது சுடும் குவியலில் சேராது.

இனி மற்றவை.

கே-அம்பு-எஃப் என்பது புனேவை அடுத்த கிர்க்கி தொழிற்சாலை. 43 ஆண்டு, VII என்பது மார்க் 7. குண்டு 174 கிரெய்ன், அதாவது 11.3 கிராம். முன்பகுதியில் அலுமினியமோ அழுத்திய மரக்கூழோ இருக்கும், பின்பகுதியில் ஈயம். எடை பின்னுக்குப் போவதற்காகச் செய்த ஏற்பாடு அது. VII-க்குப் பக்கத்தில் இசட் இல்லாததால் உள்ளே இருப்பது கார்டைட், அதாவது நைட்ரோகிளிசரின் கலந்த குச்சி வடிவத் துப்பாக்கி மருந்து. இசட் இருந்தால் நைட்ரோசெல்லுலோஸ் மருந்து. இந்த ஓர் எழுத்தைக் கவனிப்பவர்கள் குறைவு, ஆனால் பிரித்துப் பார்க்கும்போது எதை எதிர்பார்க்க வேண்டும் என்று சொல்வது அதுதான்.

பி ஓ எஃப் பாகிஸ்தான் வாஹ் தொழிற்சாலை. போருக்குப் பிறகு வந்தவற்றில் ரோமன் VII போய் சாதாரண 7 வந்துவிட்டது. இந்தத் தோட்டாக்களுக்கு ஒரு கெட்ட பெயர் உண்டு: ஹேங்ஃபயர். விசையை இழுத்ததும் 'க்ளிக்', கொஞ்ச நேரம் கழித்து 'டமார்'. அதைப் பற்றிக் கீழே யாராவது விரிவாக எழுதுவார்கள்.

ஹெச் எக்ஸ் பி கிரேக்கத் தயாரிப்பு. 84 ஆண்டு. அரிக்காத பிரைமர், பாக்ஸர் வகை. அதாவது அடியில் நடுவே ஒரே துளை, மறுபடி நிரப்பிக்கொள்ளலாம். உங்கள் பெட்டியில் தங்கம் இதுதான். முதலில் துப்பாக்கியைச் சோதிக்க இதைப் பயன்படுத்துங்கள், வெற்றுக்கூடுகளைத் தொலைக்காதீர்கள்.

மார்க் VIII இசட் 1938-இல் விக்கர்ஸ் இயந்திரத் துப்பாக்கிக்காக வந்தது. 175 கிரெய்ன், படகு வால் வடிவக் குண்டு, மார்க் 7-ஐவிட அழுத்தம் கூடுதல். நம்பர் 4-இல் சேம்பருக்குள் (குழலின் பின்பக்கம் தோட்டா உட்காரும் இடம்) தாராளமாகப் போகும், வெடிக்கவும் செய்யும். ஆனால் கார்டைட் சுட்டுத் தேய்ந்த குழலில் படகு வால் சரியாக அடைத்துக்கொள்ளாமல் குறி சிதறும். கூடுதல் அழுத்தத்துக்குத் துப்பாக்கியை உட்படுத்தி, மோசமான குறியை வாங்குவதில் என்ன லாபம்? சேகரிப்பவர் யாருக்காவது மாற்றிக்கொடுங்கள்.

மோசின் டின்: எல் பி எஸ் என்பது மென்எஃகு உள்ளகம் கொண்ட இலகுவான குண்டு. கெ ஷே என்றால் செம்பு பூசிய இருஉலோக எஃகுக் கூடு. கெ எல் இருந்தால் பித்தளை, கெ எஸ் இருந்தால் அரக்குப் பூசிய எஃகு. 188 நோவோசிபிர்ஸ்க், 74 ஆண்டு. அரிக்கும் பிரைமர் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்த ரஷ்ய ரகத்தில் குண்டு முனை நிறங்களையும் மனதில் வையுங்கள். வெள்ளி எல் பி எஸ். மஞ்சள் கனமான குண்டு. பச்சை டிரேசர். கருப்பும் அதன்கீழ் சிவப்பு வளையமும் இருந்தால் கவசம் துளைக்கும் தீமூட்டி. முனை முழுவதும் சிவப்பு என்றால் இலக்கில் பட்டதும் வெடிக்கும் ரகம், கிட்டே போகாதீர்கள். அமெரிக்க .30-06 முனை நிறங்களை இதோடு குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. அங்கே கருப்பு கவசம் துளைப்பது, ஆரஞ்சோ சிவப்போ டிரேசர், நீலம் தீமூட்டி, வெள்ளி கவசம் துளைக்கும் தீமூட்டி. வெள்ளி முனை ஒரு நாட்டில் சாது, இன்னொரு நாட்டில் தீ. நிறத்தைப் படிக்கும் முன் எந்த நாட்டுத் தோட்டா என்று உறுதி செய்ய வேண்டும்.

---

சும்மா_சுடு:

இவ்வளவு ஆராய்ச்சி எதுக்குங்க? கூடு பளபளன்னு இருந்தா சுட்டுட்டுப் போக வேண்டியதுதான். நாற்பத்துமூணுல செஞ்சது நல்லாத்தான் செஞ்சிருப்பான்.

---

கழுத்து_வளையம்:

பளபளப்பு எதையும் நிரூபிக்காது. யாரோ விற்பதற்காகத் தேய்த்திருக்கலாம். தேய்த்த பழைய தோட்டாவைத்தான் நான் அதிகம் சந்தேகிப்பேன், ஏனென்றால் நமக்குச் செய்தி சொல்ல வேண்டிய கறையெல்லாம் போயிருக்கும்.

வயதும் எதையும் நிரூபிக்காது. குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் டின் பிரிக்காமல் கிடந்த 1943 தோட்டா, வெயில் காயும் தகரக் கொட்டகையில் கிடந்த 1990 தோட்டாவைவிட நம்பகமானது. மருந்தைக் கெடுப்பது வெப்பம், பித்தளையைக் கெடுப்பது ஈரமும் அம்மோனியாவும்.

எண்ணெய்த்துணி சொன்ன 'தலைமுடிக் கோடு' பற்றி. அதற்கு ஆங்கிலேயர் வைத்த பெயரே பருவ வெடிப்பு. பருவம் என்றால் நம் மழைக்காலம். பிரிட்டிஷ் இந்தியாவில் மழை மாதங்களில் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் அடுக்கி வைப்பார்கள். மழை ஓய்ந்த பிறகு எடுத்துப் பார்த்தால் கூடுகளில் வெடிப்பு. குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியாவும், கூட்டை இழுத்து வடிவமைத்தபோது பித்தளைக்குள் தங்கிவிட்ட இறுக்கமும் சேர்ந்து செய்கிற வேலை அது என்பது 1921-இல்தான் தெளிவானது. கழுத்தைச் சூடுபடுத்தி இறுக்கத்தைத் தளர்த்தினால் வெடிப்பது குறையும். ராணுவத் தோட்டாக்களின் தோளிலும் கழுத்திலும் நீலமும் பழுப்புமாகத் தெரியும் சூட்டுக் கறை அந்த வேலையின் அடையாளம். அது குறையல்ல.

ஆகவே அம்மோனியா கலந்த பித்தளைப் பாலிஷ் போட்டுத் தோட்டாவைத் துடைக்காதீர்கள். எண்ணெய் ஊடுருவும் தெளிப்பான்களும் வேண்டாம். பிரைமருக்குள் கசிந்தால் சில தோட்டாக்கள் சாகும், சில பாதி சாகும். பாதி செத்தது முழுதாகச் செத்ததைவிட ஆபத்து. உலர்ந்த பருத்தித் துணி போதும்.

கழுத்தில் கோடு தெரிகிற தோட்டாவைச் சுடாதீர்கள். பெரும்பாலும் வாயு கழுத்தைச் சுற்றிக் கசிவதோடு போய்விடும், ஆனால் அந்தக் கோட்டின் வழியே எத்தனை வருட ஈரம் உள்ளே போயிருக்கிறது என்று நமக்குத் தெரியாது. கோடு உடம்பிலோ அடிக்குச் சற்று மேலேயோ இருந்தால் பேச்சே இல்லை. அங்கே கூடு பிளந்தால் வாயு போல்ட் (சேம்பரைப் பின்னாலிருந்து பூட்டும் தண்டு) வழியே முகத்துக்கு வரும். ஒரு லாட்டில் பத்தில் ஒன்றுக்கு மேல் கழுத்து வெடித்திருந்தால் நான் அந்த லாட்டையே ஒதுக்குவேன். வெடிக்காதவையும் அதே பாதையில்தான் இருக்கின்றன, இன்னும் சேரவில்லை, அவ்வளவுதான்.

பச்சைப் பூச்சு இரண்டு வகை. கூட்டின் மேற்பரப்பில், தோல் பட்டை பட்ட இடத்தில் இருந்தால் வெளிக் கறை. துணியால் துடைத்தால் போகும், அடியில் பித்தளை குழி விழாமல் இருக்கும். குண்டும் கழுத்தும் சேரும் விளிம்பிலிருந்து வளையமாகக் கிளம்பியிருந்தால், மருந்து அழுகி அமிலம் உள்ளிருந்து வெளியே வருகிறது என்று சந்தேகப்பட வேண்டும். உங்கள் பி ஓ எஃப் விஷயத்தில் இதைப் பிரித்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

பிரிப்பது இப்படி. சாதாரணக் குண்டு என்று முத்திரையும் வளையமும் உறுதி சொல்கிற தோட்டாக்களில் லாட்டுக்கு மூன்று முதல் ஐந்து வரை எடுங்கள். கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள். தோட்டா நிரப்பும் அழுத்தியில் காலெட் வகை உருவி, அதாவது குண்டைக் கவ்விப் பிடித்து இழுப்பது, பொருத்துங்கள். ராணுவத் தோட்டாவில் குண்டைச் சுற்றித் தார் பூசியிருப்பார்கள், நேரடியாக இழுத்தால் வராது. முதலில் குண்டு பதிக்கும் டையால் அரை மில்லிமீட்டர் உள்ளே தள்ளுங்கள். 'டக்' என்று தார் விடும். பிறகு இழுத்தால் சுலபமாக வரும்.

நைட்ரோசெல்லுலோஸ் மருந்து என்றால் வெள்ளைத் தாளில் கொட்டுங்கள். நல்ல மருந்து தனித்தனி மணிகளாக விழும், லேசாகக் கரைப்பான் வாசனை இருக்கும். கெட்டது மூக்கைக் குத்தும் புளித்த அமில நெடி அடிக்கும், கட்டியாக விழும், தாளில் துருநிறத் தூள் தங்கும். நனைத்த நீல லிட்மஸ் தாளைக் கூட்டின் வாயில் இரண்டு நிமிடம் வையுங்கள். சிவந்தால் அமிலம், அந்த லாட் முடிந்தது. குண்டின் அடிப்பகுதியையும் பாருங்கள். செம்பு உறையில் பச்சைத் தூள் படிந்திருந்தால் அதே தீர்ப்பு.

அழுகிய மருந்து வலு குறைந்துதான் எரியும் என்று பலர் நினைக்கிறார்கள். எப்போதும் அப்படியில்லை. மணியின் மேற்பரப்பில் எரிவேகத்தைத் தடுக்கும் பூச்சும், அமிலத்தை விழுங்கும் டைஃபினைலமீனும் தீர்ந்துபோனால், மணி நொறுங்கி வேகமாக எரிந்து அழுத்தம் எகிறவும் செய்யும். ஒரே பெட்டியில் ஒன்று 'புஸ்', அடுத்தது போல்ட் இறுகும் அளவுக்கு. அதுதான் இதில் பயம்.

கார்டைட் வேறு மாதிரி. குண்டை எடுத்தால் மேலே ஒரு சின்ன அட்டை வட்டு, அதன்கீழ் ஊதுவத்திக் குச்சியைவிட மெல்லிய பழுப்பு நறுக்குகள் கட்டாக நிற்கும். கூட்டின் கழுத்தைக் குறுக்கும் முன்பே செருகியது என்பதால் கொட்டினால் லேசில் விழாது, இடுக்கியால் ஒவ்வொன்றாக உருவ வேண்டும். நறுக்கு தேன் நிறத்தில் லேசாக ஒளி ஊடுருவும்படி, வளைத்தால் சற்று வளைந்துகொடுத்தால் நல்லது. மேலே எண்ணெய்த்துளி மாதிரி வியர்த்திருந்தால் அது நைட்ரோகிளிசரின். அங்கேயே நிறுத்துங்கள், கையுறையில்லாமல் தொடாதீர்கள், மற்றவற்றைப் பிரிக்காதீர்கள். கையில் பட்டாலே தலைவலி வரும்.

---

எண்ணெய்த்துணி:

நன்றி. அரிக்கும் பிரைமர் விஷயம் இன்னும் புரியவில்லை. பெர்டான் என்றால் அரிக்கும், பாக்ஸர் என்றால் அரிக்காது என்று ஒரு இடத்தில் படித்தேன். சரியா? அப்புறம், சுட்டதும் அம்மோனியாக் கண்ணாடித் துடைப்பானால் 'நடுநிலையாக்க' வேண்டும் என்கிறார்களே?

---

உப்புநீர்:

இரண்டுமே தவறு.

பெர்டானும் (கூட்டின் அடியில் பெரும்பாலும் இரண்டு சிறு துளை) பாக்ஸரும் (நடுவே ஒரே துளை) பிரைமரின் உடல் அமைப்பு. அரிக்குமா என்பது உள்ளே இருக்கும் வேதிப்பொருளைப் பொறுத்தது. இரண்டுக்கும் சம்பந்தமில்லை. இரண்டாம் உலகப்போர் அமெரிக்க .30-06 பாக்ஸர், ஆனால் அரிக்கும். சுவிஸ் ஜி பி 11 பெர்டான், ஆனால் அரிக்காது. அமெரிக்கத் தொழிற்சாலைகள் .30-06-இல் அரிக்காத பிரைமருக்கு மாறியதே 1950-களின் தொடக்கத்தில்தான், அதுவும் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதத்தில். .30 கார்பைன் மட்டும் போர்க்காலத்திலேயே அரிக்காத பிரைமரோடு வந்தது.

காரணம் எளிது. பழைய பிரைமரில் பொட்டாசியம் குளோரேட் இருக்கும். எரிந்ததும் அது பொட்டாசியம் குளோரைடு ஆகிறது. அதாவது உப்பு. சாப்பாட்டு உப்பின் சகோதரன். அந்த உப்பே இரும்பைத் தின்பதில்லை. காற்றில் ஈரப்பதம் 85 சதவீதத்தை நெருங்கும்போது அது காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துக் கரைந்து, குழலின் உள்ளே உப்புநீர்ப் படலமாக நிற்கும். வறண்ட ஊரில் சுடுகிறவர் "எனக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்பதற்கும், மழைக்காலத்தில் ஒரே இரவில் குழல் செந்நிறமாவதற்கும் இதுதான் காரணம்.

உப்பை நடுநிலையாக்க முடியாது. அது ஏற்கெனவே நடுநிலைதான். கரைத்து வெளியேற்ற வேண்டும். கண்ணாடித் துடைப்பான் வேலை செய்வது அதிலிருக்கும் தண்ணீரால், அம்மோனியாவால் அல்ல. பெட்ரோலிய அடிப்படைக் குழல் கரைப்பான்கள் உப்பைக் கரைக்கவே கரைக்காது. எண்ணெயில் உப்பைப் போட்டுப் பாருங்கள், அடியில் கிடக்கும். உப்புக்கு மேல் எண்ணெய் பூசி வைத்துவிட்டு 'எண்ணெய் போட்டுத்தானே வைத்தேன்' என்று வருந்துபவர்களே அதிகம்.

செய்முறை: சுட்ட அன்றே, முடிந்தால் சுடுதளத்திலேயே. போல்ட்டை எடுத்துவிட்டு, மெல்லிய குழாய் பொருத்திய புனலைச் சேம்பரில் வைத்து 300 மில்லி போல கொதிநீர் ஊற்றுங்கள். வாய்ப்பக்கம் கீழே இருக்கட்டும், மரப்பாகத்துக்குள் வழியாமல் பாருங்கள். கொதிநீர் எதற்கென்றால் குழல் சூடாகித் தானே உலரும். குளிர்ந்த நீரும் உப்பைக் கரைக்கும், உலர்த்துவதுதான் தொல்லை. பிறகு மூன்று உலர்ந்த துணித்துண்டுகள், வழக்கமான கரைப்பான், மறுபடி உலர்ந்த துணி, எண்ணெய். மறுநாள் ஒரு வெள்ளைத் துணித்துண்டு ஓட்டிப் பாருங்கள். பழுப்பு வந்தால் தண்ணீரிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.

எல்லோரும் மறப்பது போல்ட் முகம், ஊசி நுனி, கூட்டை வெளியே இழுக்கும் கொக்கியான எக்ஸ்ட்ராக்டரின் பின்புறம். நம்பர் 4-இல் போல்ட் தலையைத் திருகிக் கழற்றி அதன் உள்பக்கமும் நனைத்துத் துடையுங்கள். அரைத்தானியங்கித் துப்பாக்கியில் வாயுத்துளை, உருளை, பிஸ்டன் எல்லாம் உப்பு தங்கும் இடங்கள். சோம்பேறி ஆள் அதில் அரிக்கும் தோட்டா போடாமல் இருப்பதே மேல்.

ஐயம் இருந்தால் சோதித்துப் பாருங்கள். பிரித்த தோட்டாவின் கூட்டில் பிரைமர் மட்டும் இருக்கிறது. மருந்து ஒரு மணிகூட இல்லை என்று இரண்டு முறை பாருங்கள். சாதாரண எஃகுத் தகட்டை மணல்தாளால் வெள்ளையாகத் தேய்த்து, அசிட்டோனால் எண்ணெய் போகத் துடைத்து, துப்பாக்கி வாயிலிருந்து ஐந்து சென்டிமீட்டர் தள்ளி நிறுத்தி, அந்த வெறும் பிரைமர் கூட்டைச் சுடுங்கள். பக்கத்தில் அதேபோல் தேய்த்த, எதுவும் படாத தகடு ஒன்று ஒப்பிட இருக்கட்டும். இரண்டையும் ஈரமான காற்றுள்ள இடத்தில் இரண்டு நாள் வையுங்கள். ஒன்றில் மட்டும் புள்ளிபுள்ளியாகத் துரு என்றால் விடை கிடைத்தது. ஒப்பிடும் தகடு இல்லாமல் செய்தால் இந்தச் சோதனைக்கு மதிப்பில்லை, இரண்டுமே துருப்பிடித்திருக்கலாம். சோதனை முடிந்ததும் அந்தத் துப்பாக்கிக்கும் தண்ணீர் உண்டு.

சந்தேகமாக இருக்கிறதா, அரிக்கும் என்றே நினைத்துக் கழுவுங்கள். தண்ணீருக்குக் காசில்லை.

இன்னொன்று, சில பழைய பிரைமர்களில் பாதரசமும் உண்டு. அது குழலை ஒன்றும் செய்யாது, பித்தளைக்குள் ஏறிக் கூட்டை நொறுங்கும்படி ஆக்கிவிடும். அடையாளம் தெரியாத பழைய கூடுகளை மறுபடி நிரப்பாதீர்கள்.

---

நேர்க்குறி:

இனி சுடும் பகுதி. தோட்டாவைச் சோதிப்பதற்கு முன் துப்பாக்கியைச் சோதியுங்கள். நம்பர் 4-இன் ஹெட்ஸ்பேஸ், அதாவது பூட்டிய போல்ட்டுக்கு முன் தோட்டாவுக்கு இருக்கும் இடைவெளி, ரிம்மில் (தோட்டா அடியின் நீட்டிய விளிம்பில்) அளக்கப்படுவது. .064 அங்குல அளவியில் போல்ட் மூட வேண்டும், .074-இல் மூடக்கூடாது. மூடினால் போல்ட் தலையை மாற்றலாம், 0 முதல் 3 வரை எண்ணிட்டு நான்கு நீளங்களில் அவை உண்டு. ஊசி .040 முதல் .050 அங்குலம் வரை வெளியே நீட்ட வேண்டும். மோசினுக்கு அதன் பழைய திருகுக் கருவியிலேயே 75, 95 என்று இரண்டு வெட்டுகள் இருக்கும். 75-இல் ஊசி தட்ட வேண்டும், 95-இல் தட்டாமல் போக வேண்டும். ஊசி குட்டையாக இருப்பது தெரியாமல் 'தோட்டா கெட்டுப்போச்சு' என்று குவியலைத் தூக்கிப் போடுகிறவர்கள் நிறைய.

ஒரு லாட்டுக்கு முதல் பத்துத் தோட்டாவை மேகஸினில் நிரப்பாமல் ஒவ்வொன்றாகப் போடுங்கள். வேகமானி வையுங்கள். மார்க் 7-க்கு வகுத்த வேகம் நொடிக்கு 2440 அடி, அதாவது 744 மீட்டர். பழைய தோட்டா அதற்குக் கொஞ்சம் கீழே சீராக இருந்தால் கவலையில்லை. பத்துக்குள் அதிகபட்சத்துக்கும் குறைந்தபட்சத்துக்கும் 150 அடிக்கு மேல் இடைவெளி வந்தால் நான் அங்கேயே நிறுத்துவேன். வகுத்த வேகத்தைத் தாண்டி ஒன்று போனால் உடனே நிறுத்துவேன். சராசரியைப் பார்த்து ஏமாறாதீர்கள், சிதறலைப் பாருங்கள்.

ஒவ்வொரு கூட்டையும் எடுத்துப் பாருங்கள். அடியிலிருந்து ஒரு சென்டிமீட்டர் மேலே பளிச்சென்று ஒரு வெள்ளை வளையம் ஓடினால் கூடு அங்கே இரண்டாகப் போகத் தயாராகிறது. .303 சேம்பர்கள் தாராளமானவை, இது அடிக்கடி வரும். பிரைமர் தட்டையாகி ஓரம் கரைந்திருந்தாலோ, ஊசிக் குழியைச் சுற்றி விளிம்பு எழும்பியிருந்தாலோ, போல்ட் தூக்க வழக்கத்தைவிட பலம் தேவைப்பட்டாலோ அழுத்தம் கூடுதல். பிரைமரைச் சுற்றிக் கரி வழிந்திருந்தால் பிரைமர் பொந்து கசிகிறது.

இப்போது 'க்ளிக்'. விசையை இழுத்தும் வெடிக்கவில்லை என்றால் கன்னத்தை எடுக்கலாம், குழல் வாயை இலக்கிலிருந்து எடுக்கக்கூடாது. முப்பது நொடி எண்ணுங்கள். பி ஓ எஃப் மாதிரி பெயரெடுத்த தோட்டா என்றால் அறுபது. ஹேங்ஃபயர் பெரும்பாலும் நொடிக்குள் முடிந்துவிடும், ஆனால் முடியாத ஒன்றுக்காகத்தான் காத்திருப்பது. பூட்டிய போல்ட்டுக்கு முன்னால், சேம்பரில் வெடித்தால் வெறும் சத்தம். கூடு பாதி வெளியே வந்திருக்கும்போது வெடித்தால் அதைத் தாங்க எதுவும் இல்லை, பித்தளைச் சில்லு நேரே கண்ணுக்கு வரும். நேரம் முடிந்ததும் முகத்தை ஒதுக்கி, கையை எஜெக்ஷன் வாய்க்கு (கூடு வெளியே வரும் திறப்புக்கு) மேல் வைக்காமல் போல்ட்டைத் திறந்து, வெளியே வந்ததைத் தனியாகத் தரையில் வையுங்கள். பாக்கெட்டில் போடாதீர்கள். பிரைமரில் ஊசிக் குழி ஆழமாக இருந்தால் தோட்டாவின் குற்றம். லேசாக இருந்தால் ஸ்பிரிங்கும் ஊசியும். இரண்டாம் முறை அடித்துப் பார்ப்பது பலரது பழக்கம். குழி ஆழமாக இருந்தால் அதில் எனக்கு உடன்பாடில்லை.

ஒரு லாட்டில் ஹேங்ஃபயர் இரண்டாவது முறை வந்தால் அந்த லாட்டைக் கட்டி வையுங்கள்.

ஹேங்ஃபயரைவிட என்னைப் பயமுறுத்துவது ஸ்க்விப். சத்தம் 'பொப்' என்று குறைவாக வரும், தோளில் இடி இருக்காது. பிரைமரின் வலுவே குண்டைக் குழலுக்குள் தள்ளிப் பாதியில் நிறுத்திவிடும். அவசரத்தில் அடுத்ததை ஏற்றிச் சுட்டால் குழல் புடைக்கும் அல்லது பிளக்கும். சத்தமோ இடியோ கொஞ்சம் மாறினாலும், போல்ட்டைக் கழற்றிக் குழல் வழியே வெளிச்சம் பாருங்கள். எரியாத கார்டைட் நறுக்குகள் குழலில் சிதறிக் கிடந்தால் அது அந்த லாட் தரும் முன்னறிவிப்பு.

---

ரிம்முக்கு_முன்னே_ரிம்:

மோசின் பற்றிச் சின்னதாக. டின்னைத் திறந்தால் முழுதும் தீர்க்கும் எண்ணம் இருக்கும்போது திறங்கள். திறந்த பிறகு அது சாதாரணத் தகரப் பெட்டிதான். உள்ளே காகிதப் பொட்டலங்கள், பொட்டலத்துக்கு ஒன்று என்று எடுத்து முத்திரையும் முனையும் டின்னில் எழுதியதோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். சில சுடுதளங்கள் காந்தம் ஒட்டும் குண்டை அனுமதிக்காது. எல் பி எஸ் கட்டாயம் ஒட்டும். முன்பே கேட்டுவிடுங்கள். எஃகுத் தட்டு இலக்கில் சுடாதீர்கள், காய்ந்த புல் இருக்கும் இடத்திலும் வேண்டாம், எஃகு உள்ளகம் கல்லில் பட்டுப் பொறி கிளப்பும்.

இருபது தோட்டாவுக்குப் பிறகு போல்ட் இறுகினால் முதலில் தோட்டாவைத் திட்டாதீர்கள். மோசின் சேம்பரில் பழைய பாதுகாப்பு மசகு காய்ந்து ஒட்டியிருக்கும், சூடானதும் இளகிப் பசையாகிக் கூட்டைப் பிடிக்கும். கரைப்பானில் நனைத்த 20 கேஜ் ஷாட்கன் தூரிகையைச் சேம்பரில் விட்டுக் கையால் சுழற்றுங்கள், துணி வெள்ளையாக வரும்வரை. அதன் பிறகும் இறுகினால் அப்போது அழுத்தத்தைச் சந்தேகிக்கலாம்.

மேகஸினில் ஏற்றும்போது மேல் தோட்டாவின் ரிம் கீழ்த் தோட்டாவின் ரிம்முக்கு முன்னால் இருக்க வேண்டும். .303-க்கும் இதே விதி. மாறி விழுந்தால் இரண்டும் கொக்கி மாட்டிக்கொண்டு போல்ட் நகராது. நேரம் பார்த்துக் காத்திருக்க வேண்டிய தோட்டா அதில் ஒன்றாக இருந்தால் தலைவலி இரட்டிப்பு.

---

எண்ணெய்த்துணி:

சரி, இப்படிச் செய்கிறேன். நீல வளையம் ஆறும் தனிப் பெட்டிக்குப் போய்விட்டன, தொலைபேசியில் கேட்கிறேன். மார்க் VIII இருபதையும் சுடவில்லை. ஹெச் எக்ஸ் பி-இல் தொடங்கி, ஹெட்ஸ்பேஸ் சரியென்றால் கிர்க்கி. கழுத்துக் கோடு உள்ளவற்றைத் தனியே எடுத்து எண்ணினால் அறுபதில் ஐந்து. பத்தில் ஒன்றுக்குள் வருகிறது, ஆனால் விளிம்பில் நிற்கிறது. மீதி ஐம்பத்தைந்தையும் சுடலாமா?

---

கழுத்து_வளையம்:

விளிம்பில் நின்றால் பூதக்கண்ணாடி எடுங்கள். பத்து மடங்கு போதும். ஒவ்வொரு கழுத்தையும் விளக்கைச் சாய்வாகப் பிடித்து முழுச் சுற்றும் பாருங்கள். வெறும் கண்ணுக்கு ஐந்து என்றால் கண்ணாடிக்குக் கீழே இன்னும் சில கோடுகள் தெரிய வாய்ப்பு அதிகம். மொத்தம் ஆறைத் தாண்டினால் லாட் ஒதுக்கப்பட்டது. தாண்டாவிட்டால், கோடில்லாதவற்றில் மூன்றைப் பிரித்து கார்டைட்டைப் பாருங்கள், பிறகு பத்தை வேகமானிக்கு முன்னால். அதுவரை மற்றதைச் சார்ஜரிலிருந்து எடுக்காதீர்கள். அந்த வருடத்துச் சார்ஜரோடு சேர்ந்து இருந்தால்தான் சேகரிப்பவரிடம் அதற்கு மதிப்பு.